20 செர்ரி இறால் விட்டேன், 4 தான் கண்ணில் படுகிறது. மீதி எங்கே?

கண்ணாடிவீடு எழுதியது:

வணக்கம். மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு, இறால் இதுதான் முதல் முறை. தொட்டி 60 லிட்டர், ஒன்றரை வருடமாக ஓடுகிறது. உள்ளே 8 நியான் டெட்ரா, 4 பாண்டா கோரி, ஒரு ஆண் குள்ள கௌராமி. செடி அதிகம் இல்லை. ஒரு மரக்கட்டையில் கட்டிய அனுபியாஸ் இரண்டு, பின்னால் கொஞ்சம் வாலிஸ்னேரியா, அவ்வளவுதான். பின்பக்கம் தொங்கும் ஃபில்டர். வெப்பம் 25, 26 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம்.

மூன்று வாரத்துக்கு முன் 20 செர்ரி இறால் விட்டேன். முதல் இரண்டு நாள் ஏழெட்டாவது தெரிந்தது. இப்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு தேடினாலும் நாலு தான். நேற்றுக் காலையில் மணலில் ஒன்று கிடந்தது. கால், மீசை எல்லாம் அப்படியே இருக்கிறது, உள்ளே மட்டும் ஒன்றுமே இல்லை. கௌராமி உறிஞ்சித் தின்றுவிட்டுக் கூட்டைத் துப்பிவிட்டதோ? பயந்துபோய் உடனே பாதித் தண்ணீரை மாற்றினேன். கௌராமியை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

மீசைக்காரன் எழுதியது:

இறாலுக்குத் தனித் தொட்டி. மீனுக்குத் தனித் தொட்டி. இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்வது?

பாசிமேடு எழுதியது:

மீசைக்காரன் அண்ணா, புதிதாக வந்தவரை வாசலிலேயே விரட்டாதீர்கள்.

கண்ணாடிவீடு, நீங்கள் பார்த்தது பிணமா, சட்டையா? இதுதான் முதலில் தெரிய வேண்டும். இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும், பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி. கழற்றிய ஓடு கண்ணாடித்தாள் போல மெல்லிசாக, உள்ளே காலியாக இருக்கும். தலைக்கும் உடம்புக்கும் நடுவில், முதுகுப் பக்கம் ஒரு வெடிப்பு தெரியும், அதன் வழியாகத்தான் இறால் பின்பக்கமாக எகிறி வெளியே வரும். செத்த இறால் அப்படி இருக்காது. கண்ணாடித் தன்மை போய், வேகவைத்தது போல மங்கிய ரோஸ் நிறமாகிவிடும். அதுவும் மற்ற இறால்கள் பார்த்தால் அரை நாளில் காலி.

"உள்ளே ஒன்றுமே இல்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது சட்டைதான். எடுத்து எறியாதீர்கள், அதில் இருக்கும் கால்சியத்துக்காக அவையே தின்னும்.

ஆனால் பாதித் தண்ணீரை மாற்றியது வேண்டாத வேலை. தண்ணீரின் உப்புச்சத்தும் வெப்பமும் சட்டென்று மாறினால் இறால் நேரம் காலம் இல்லாமல் சட்டை உரிக்கத் தொடங்கும். உள்ளே புது ஓடு தயாராகாமல் உரித்தால் நடுவில் மாட்டிக்கொண்டு சாகும். கழுத்துக்குக் கீழே உடம்பைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரிந்தால் அந்த இறால் பிழைப்பது கஷ்டம். வாரத்துக்கு ஒரு முறை 10, 15 சதவீதம் மாற்றுங்கள், மெதுவாக ஊற்றுங்கள். அது போதும்.

ராத்திரிடார்ச் எழுதியது:

பகலில் எண்ணாதீர்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, அறையும் இருட்டாக இருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். கண்கள் புள்ளி புள்ளியாக மின்னும். மரக்கட்டையின் அடிப்பக்கம், ஃபில்டர் குழாய், கண்ணாடியின் பின்மூலை. எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள்.

கண்ணாடிவீடு எழுதியது:

பதினொன்று! மரக்கட்டையின் அடியில் மட்டும் ஆறு. அதில் ஒன்று மற்றதைவிடப் பெரிசு, வயிற்றுக்கு அடியில் மஞ்சளாக மணி மணியாக ஏதோ ஒட்டியிருக்கிறது. நோயா?

பாசிமேடு எழுதியது:

வாழ்த்துகள், அது சினை இறால். 20, 30 முட்டை இருக்கும். நீச்சல் காலால் விசிறி விசிறிக் காற்றோட்டம் கொடுத்துக்கொண்டே இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். உங்கள் வெப்பத்தில் கிட்டத்தட்ட நாலு வாரம் சுமக்கும். பொரித்து வருவது முழு இறாலின் குட்டி நகல், 2 மில்லிமீட்டர்கூட இருக்காது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கௌராமி வளர்ந்த செர்ரியைத் தின்னுமா? தின்னும். குள்ள கௌராமி எப்போதும் கண்ணை உருட்டி எதையாவது தேடிக்கொண்டே இருக்கிற மீன். முழுதாக விழுங்க முடியாவிட்டாலும் கொத்தும், மீசையைப் பிடித்து இழுக்கும், சட்டை உரித்து மெத்தென்று இருக்கிற நேரத்தில் கிழித்துவிடும். 20இல் 9 காணோம் என்றால் அதன் பங்கு நிச்சயம் உண்டு. ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடாதீர்கள். ஒளிய இடம் இல்லாத தொட்டியில் இறாலை விட்டது நீங்கள்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் முதலில் இதையேதான் செய்தேன்.

சும்மாவந்தேன் எழுதியது:

என் ஃபைட்டர் மீனோடு எட்டு மாதமாக இறால் இருக்கிறது. ஒன்றையும் தொட்டதில்லை. மீன் மீது வீணாகப் பழி போடுகிறோமோ?

மீசைக்காரன் எழுதியது:

எட்டு மாதத்தில் குஞ்சு எத்தனை வந்தது?

சும்மாவந்தேன் எழுதியது:

குஞ்சு பார்த்ததில்லை...

மீசைக்காரன் எழுதியது:

அதுதான்.

துடுப்பு எழுதியது:

மீசைக்காரன் சொல்வதில் பாதி சரி. ஃபைட்டர் ஆளுக்கு ஆள் மாறும். என்னிடம் மூன்று இருந்தன. ஒன்று இறாலைத் திரும்பியே பார்க்காது. ஒன்று முதல் அரை மணி நேரத்தில் நாலைத் தின்றது. மூன்றாவது ஆறு மாதம் சாதுவாக இருந்துவிட்டு ஒரு நாள் ருசி கண்டுகொண்டது, அப்புறம் நிறுத்தவே இல்லை. ஆகவே ஃபைட்டரோடு இறால் வைப்பவர் எடுத்து வைக்க இன்னொரு தொட்டியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஃபைட்டர் இருக்கும் தொட்டியில் இறால் விடுவதைவிட, இறால் பழகிய தொட்டியில் ஃபைட்டரைக் கடைசியாக விடுவது கொஞ்சம் மேல்.

மற்ற மீன்களைப் பற்றி நான் பார்த்தவரை சொல்கிறேன். வாய்க்குள் போகுமென்றால் தின்னும், இதற்கு மேல் பெரிய விதி கிடையாது. இறால் குஞ்சையும் சேர்த்து நம்பி விடலாம் என்று நான் சொல்வது ஒட்டோசின்க்ளஸ் ஒன்றைத்தான். அதன் வாய் பாசியைச் சுரண்டுவதற்கென்றே அமைந்தது. அதற்கு அடுத்து குட்டைக் கோரி வகைகள், சில்லி ரஸ்போரா, எம்பர் டெட்ரா. இவை பெரிய இறாலை ஒன்றும் செய்யாது, கண்ணில் படுகிற புதுக் குஞ்சை விடாது. நியான், கப்பி, எண்ட்லர் எல்லாம் இந்த ரகம்தான், கொஞ்சம் பசி ஜாஸ்தி. ஏஞ்சல், பார்ப், கோல்டு ஃபிஷ், சிக்லிட், பஃபர், கிளவுன் லோச் இருக்கும் தொட்டியில் இறால் விட்டால் அது தீனி போட்ட கணக்கு.

குஞ்சு போகிறதே என்று ரொம்ப வருத்தப்படவும் வேண்டாம். எல்லாக் குஞ்சும் பிழைத்தால் ஆறு மாதத்தில் தொட்டியில் இறால்தான் இருக்கும், தண்ணீர் இருக்காது. பிறப்பது தின்னப்படுவதைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் கூட்டம் நிலைக்கும். அதற்குப் பாசி வேண்டும்.

பாசிமேடு எழுதியது:

பாசி என்றதும் வந்துவிட்டேன். கண்ணாடியில் வழுக்கும் பச்சைப் பாசியைச் சொல்லவில்லை, ஜாவா மாஸ், கிறிஸ்துமஸ் மாஸ் மாதிரி புதராக வளரும் பாசி. ஒரு கைப்பிடி போதாது. இரண்டு கையாலும் அள்ளினால் எவ்வளவு வருமோ அவ்வளவு, நெருக்கமாக. மீன் மூக்கை நுழைக்க முடியாத அளவு அடர்த்தி இருந்தால்தான் குஞ்சுக்குப் பிழைப்பு. இன்னொரு விஷயம், குஞ்சு முதல் சில வாரம் அலைந்து இரை தேடாது. நின்ற இடத்தில், பாசி இழையில் படியும் கண்ணுக்குத் தெரியாத உயிர்ப்படலத்தைத்தான் மேயும். பாசிப்புதரே அதற்கு வீடும் சாப்பாடும். புதுத் தொட்டியில் இறால் ஏன் சாகிறது என்பதற்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. தண்ணீர் சுத்தமாக இருக்கும், மேய ஒன்றும் இருக்காது.

நாட்டு வாதாமின் காய்ந்த இலை ஒன்றிரண்டு போடுங்கள். அழுக அழுக அதன் மேலும் மேயும். ஃபில்டர் உறிஞ்சும் குழாயின் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள், மறக்காமல்.

சும்மாவந்தேன் எழுதியது:

பாசி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? நான் புதுச் செடி வைத்த மறுநாள் ஐந்து இறால் ஒரேயடியாகச் செத்தது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

துடுப்பு எழுதியது:

பூச்சிமருந்து. நத்தையும் பூச்சியும் ஒட்டி வரக்கூடாது என்று சில இடங்களில் செடிக்கு மருந்து அடிப்பார்கள். மீனைக் கொல்லாத அளவு இறாலைக் கொன்றுவிடும், இறாலும் பூச்சிக்குச் சொந்தக்காரன்தானே. புதுச் செடியைத் தனி வாளியில் போட்டுத் தினமும் தண்ணீரை மாற்றி, ஒரு வாரமாவது ஊறவிட்டு அப்புறம் தொட்டியில் வையுங்கள். வீட்டில் கொசு மருந்து, கரப்பான் மருந்து அடிக்கும்போதும் இதே கதைதான். காற்று பம்பு அறையின் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

கண்ணாடிவீடு எழுதியது:

பாசி வாங்கிவந்து வாளியில் ஊறப்போட்டாயிற்று. ஆனால் இப்போது வேறு தலைவலி. இரண்டு நியானின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. கல்லில் போய் உரசுகின்றன. வெள்ளைப் புள்ளி மருந்து வீட்டில் இருக்கிறது. இன்றிரவு போடப்போகிறேன், எத்தனை சொட்டு என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

ராத்திரிடார்ச் எழுதியது:

போடாதீர்கள்!!

துடுப்பு எழுதியது:

நிறுத்துங்கள். புட்டியில் காப்பர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தாமிரம் இருந்தால் உங்கள் பதினொன்றும் போய்விடும். மாலகைட் கிரீன், ஃபார்மலின் கலந்த மருந்தையும் நான் இறால் தொட்டியில் போட மாட்டேன். அதுவும் தாமிரம் மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

சும்மாவந்தேன் எழுதியது:

ஒரு சந்தேகம். என் இறால் தீனியின் உறையிலேயே காப்பர் சல்ஃபேட் என்று போட்டிருக்கிறதே?

துடுப்பு எழுதியது:

அது துளியிலும் துளி. நம் ரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையை இறாலின் ரத்தத்தில் தாமிரம்தான் செய்கிறது, கொஞ்சம் அதற்குத் தேவைதான். தீனியில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மருந்தில் இருப்பது வேறு அளவு.

கண்ணாடிவீடு, இப்படிச் செய்யுங்கள். இறாலைப் பிடிக்காதீர்கள், மீனைப் பிடியுங்கள். எல்லா மீனையும், நோய் தெரிகிற இரண்டை மட்டும் அல்ல. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வைத்தியம் அங்கே. டெட்ராவுக்கும் கோரிக்கும் அளவைக் குறைக்கச் சொல்லி மருந்தின் உறையில் எழுதியிருந்தால் அதைக் கேளுங்கள். தினமும் கொஞ்சம் தண்ணீரை மாற்றி அம்மோனியாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புள்ளி இறாலைத் தொற்றாது. ஏறிக்கொள்ள மீன் கிடைக்காவிட்டால் அந்த ஒட்டுண்ணி பெரிய தொட்டியில் தானாகவே அழிந்துவிடும். நாலு வாரம் மீன் இல்லாமல் விடுங்கள், பத்திரம்.

அங்கே பயன்படுத்திய வலையையும் குழாயையும் மறந்தும் இந்தத் தொட்டியில் நனைக்காதீர்கள்.

மீசைக்காரன் எழுதியது:

ஆக, நாலு வாரத்துக்கு அது இறாலுக்குத் தனித் தொட்டி. நான் முதல் நாளே சொன்னேன்.

பாசிமேடு எழுதியது:

சிரித்துவிட்டேன் அண்ணா. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவருக்கு இது ஒருவிதத்தில் அதிர்ஷ்டம். சினை இறால் இருக்கிறது, பாசி வருகிறது, மீன் வெளியே போகிறது. கூட்டம் பெருகின பிறகுதான் மீனை விட வேண்டும் என்று நாம் வாய் வலிக்கச் சொல்வோம், யாரும் கேட்க மாட்டார்கள். இவருக்கு வெள்ளைப் புள்ளி வந்து அதைச் செய்ய வைக்கிறது.

கைநீளம் எழுதியது:

தொடர்பில்லாமல் ஒன்று சொல்லலாமா? எல்லாரும் மீன் இறாலைத் தின்பதையே பேசுகிறீர்கள். எனக்கு நேர்ந்தது நேர் எதிர். கண்ணாடி இறால் என்று சொல்லி ஐந்து கொடுத்தார்கள், ஒவ்வொன்றும் நகக்கண் அளவு. இரண்டு மாதத்தில் ஒன்று மட்டும் வளர்ந்துகொண்டே போனது, முன்னால் இரண்டு கை உடம்பைவிட நீளமாக வந்தது. நியான் ஒவ்வொன்றாகக் குறைந்தது. நான் ஃபில்டரைச் சந்தேகப்பட்டேன். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது விளக்கைப் போட்டால், இரண்டு கையாலும் ஒரு நியானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலைப்பக்கமிருந்து தின்றுகொண்டிருக்கிறது. விளக்கைப் பார்த்தும் விடவில்லை.

துடுப்பு எழுதியது:

அது மேக்ரோபிராக்கியம், நீளக் கை இறால் வகை. குட்டியில் சாதாரணக் கண்ணாடி இறாலோடு கலந்துவிட்டால் அடையாளம் கண்டுபிடிப்பது சிரமம். நீளக் கை, அதன் நுனியில் இடுக்கி தெரிந்தால் அன்றே தனியாக எடுத்துவிடுங்கள். செர்ரி இறால், அமானோ இறால் இரண்டுக்கும் அந்தக் கை கிடையாது. குட்டையான முன்காலில் சின்ன பிரஷ் மாதிரி மயிர்க்கற்றைதான் இருக்கும், சுரண்டித் தின்ன. உயிரோடு இருக்கும் மீனை அவற்றால் பிடிக்க முடியாது. செத்த மீனைச் சுற்றி அவை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கொன்றுவிட்டன என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது துப்புரவு வேலை.

கொஞ்சம் பெரிய மீன்தான் வேண்டும், இறாலும் வேண்டும் என்கிறவர்களுக்கு அமானோ ஒரு வழி. 5 சென்டிமீட்டர் வரை வளரும், சின்ன மீன்கள் மிரட்டினால் மிரளாது, தீனித் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் திருட்டுப் பயல். தகாஷி அமானோ என்ற ஜப்பானியர் தன் செடித் தொட்டிகளில் பாசி தின்ன விட்டுப் பிரபலப்படுத்தியதால் அந்தப் பெயர். ஆனால் நன்னீர்த் தொட்டியில் குஞ்சு வளராது. அதன் இளம் புழு வளர உப்புநீர் வேண்டும், பொரித்த சில நாளில் மாற்றாவிட்டால் செத்துவிடும். குஞ்சை மீன் தின்னுமே என்ற கவலையே இல்லை பாருங்கள்.

கண்ணாடிவீடு எழுதியது:

மூன்று வாரம் ஆகிறது. மீன்கள் வெளியே நலம், ஒரு நியான் மட்டும் போய்விட்டது. புள்ளிகள் மறைந்துவிட்டன.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. மீன் போன நாலாவது நாள் பகல் பதினொரு மணிக்கு இறால்கள் திறந்த மணலுக்கு வந்துவிட்டன. இத்தனை நாளும் மங்கிய ரோஸாக இருந்தவை இப்போது மிளகாய்ப் பழம் போலச் சிவப்பு. இரண்டு கையும் மாறி மாறி மணலைப் பொறுக்கி வாயில் வைக்கிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நேற்று ஒரு பெரிய பெண் சட்டை உரித்தது. பத்து நிமிடத்தில் ஆண்கள் எல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி தொட்டி முழுக்கச் சுற்றிச் சுற்றி நீந்தின. விஷம் ஏதாவது கலந்துவிட்டதோ என்று பதறி இங்கே பழைய பதிவுகளைத் தேடித்தான் அது கல்யாணக் களேபரம் என்று புரிந்தது.

பகலில் எண்ணினேன்: 13. எங்கிருந்தோ இரண்டு கூடிவிட்டது.

ராத்திரிடார்ச் எழுதியது:

கூடவில்லை. அன்று டார்ச்சில் மாட்டவில்லை.

பாசிமேடு எழுதியது:

பகலில் திறந்த வெளியில் மேய்கிறது பார்த்தீர்களா, நான் மீனைத் தேர்ந்தெடுப்பது அதை வைத்துத்தான். மீன் தின்கிறதா இல்லையா என்பதைவிட, மீன் இருக்கும்போது இறால் வெளியே வருகிறதா என்று பாருங்கள். தின்னாமலே பயமுறுத்தி வைத்திருக்கும் மீன் நிறைய உண்டு. பாசிக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கிற இறாலை எதற்கு வளர்ப்பது?

மீனைத் திருப்பி விடும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். நாலு வாரம் மீன் கழிவு இல்லாமல் ஃபில்டர் பாக்டீரியா குறைந்திருக்கும். முதலில் கோரி, ஒரு வாரம் கழித்து நியான். நடுவில் அம்மோனியா பாருங்கள். விடுவதற்கு முன் வயிறு நிறையத் தீனி போடுங்கள். கௌராமியை என்ன செய்வதாக முடிவு?

கண்ணாடிவீடு எழுதியது:

என் அத்தை மகன் தொட்டிக்குப் போகிறது. அங்கே இறால் இல்லை. மனசில்லாமல்தான் கொடுக்கிறேன், ஒரு வருடம் என் விரலைத் தேடி வந்த மீன்.

சும்மாவந்தேன் எழுதியது:

நான் உங்கள் கதையைப் பார்த்து ஃபைட்டர் தொட்டியில் பாசி நிரப்பியிருக்கிறேன். நீலம், மஞ்சள் இறாலும் சேர்த்து விடலாமா, அழகாக இருக்குமே?

மீசைக்காரன் எழுதியது:

எல்லாம் ஒரே இனம், கலந்து குஞ்சு போடும். சில தலைமுறையில் வண்ணம் எல்லாம் போய்ப் பழுப்பாக, கண்ணாடியாக வரும். ஒரு நிறத்தோடு நில்லுங்கள். ஃபைட்டர் விட்டுவைத்தால்.

கண்ணாடிவீடு எழுதியது:

கடைசியாக ஒரு செய்தி. கோரிகளும் 7 நியானும் திரும்பி வந்து ஆறு வாரம் ஆகிறது. பெரிய இறால்கள் பகலில் வருகின்றன, நியான் பக்கத்தில் போனால் ஒரு அடி பின்னால் துள்ளிவிட்டு மறுபடி மேய்கின்றன. முதல் ஈட்டில் பொரித்த குஞ்சுகள் இப்போது ஒரு சென்டிமீட்டர். பாசிக்குள் புதுப் புள்ளிகளும் தெரிகின்றன, அதில் எத்தனை தேறும் என்று தெரியாது.

இன்று ஃபில்டர் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே இருந்த கறுப்புத் தண்ணீரை வழக்கம்போல் சாக்கடையில் ஊற்றப்போனேன். ஏதோ துள்ளியது போல இருந்தது. வெள்ளை வாளியில் ஊற்றித் தெளிய விட்டுப் பார்த்தால் ஒன்பது குஞ்சு, எல்லாம் கொழு கொழுவென்று, தொட்டியில் இருப்பதைவிடப் பெரிசாக.

பாசிமேடு எழுதியது:

குழாய் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டச் சொன்னேனே!

கண்ணாடிவீடு எழுதியது:

மாட்டியிருக்கிறேன் அக்கா. ஒரு பக்கம் நழுவி விரல்நுனி அளவு இடைவெளி. இறுக்கிவிட்டேன். ஒன்பதையும் கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பாசிக்குள் விட்டேன், நியான்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன.